சிக்கண்டா: காட்டு ஆர்க்கிட் கிழங்கில் செய்யும் சாம்பியாப் பண்டம் (கிழங்கு, பக்குவம், பயிர்)

#1 உரல்

சாம்பியாவின் சந்தைகளில் துண்டு போட்டு விற்கும் சிக்கண்டாவுக்கு ஒரு தனி இழை வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். தொடங்கி வைக்கிறேன்.

பார்வைக்கு அது பொலோனி என்கிற இறைச்சி உருளை மாதிரியே இருக்கும். "ஆப்பிரிக்கப் பொலோனி" என்ற பட்டப்பெயரே அதனால்தான் வந்தது. வெளியே கரும்பழுப்பு, உள்ளே சற்று வெளிறிய பழுப்பு. கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கும். வெட்டிய முகத்தில் கடலைக் குருணை வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல மேலெழும். இறைச்சி துளிகூடக் கிடையாது. காட்டு ஆர்க்கிட் கிழங்கின் பொடி, வறுக்காத நிலக்கடலை மாவு, உப்பு, மிளகாய்த்தூள், சோடா உப்பு, தண்ணீர், இவ்வளவுதான் சரக்கு.

வடக்கே பெம்பா மக்களின் வீட்டுப் பண்டமாக இருந்தது இன்று லுசாக்கா, கிட்வே போன்ற நகரங்களில் தெருவோரத் தட்டிலும் பெரிய கடைகளின் குளிர்பெட்டியிலும் இருக்கிறது. மலாவியில் சினாக்கா என்பார்கள். தான்சானியாவின் தென் மேட்டுநிலத்தில் கினாக்கா.

இதில் பேச மூன்று விஷயம் உண்டு: எந்தச் செடி, எப்படிச் சமைப்பது, செடி மிஞ்சுமா. செடியைப் பற்றி மலைப்புல் எழுதினால் நன்றாயிருக்கும்.

#2 மலைப்புல்

சிக்கண்டா என்பது ஒரு செடியின் பெயரல்ல. டைசா, சாட்டிரியம், ஹபனேரியா ஆகிய மூன்று பேரினங்களில் பல இனங்களின் கிழங்கு இந்தப் பெயரில் போகிறது. பிராக்கிகோரிதிஸ் போன்ற வேறு சிலவும் கலந்து வரும். எல்லாம் தரையில் வளரும் ஆர்க்கிட்கள். மரத்தில் தொற்றி வளர்வதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வளரும் இடம் மூன்று. மழைக்காலத்தில் நீர் தேங்கி வெயிலில் காயும் தாழ்ந்த புல்வெளி, அங்கே அதற்கு டாம்போ என்று பெயர். மியோம்போ எனப்படும் இலையுதிர் காட்டின் இடைவெளிகள். பிறகு 2,000 மீட்டருக்கு மேலுள்ள மலைப் புல்வெளி. மழை தொடங்கியதும் தளிர் கிளம்பி, பூத்து, காய்த்து, மழை ஓய்ந்ததும் மேல்பாகம் முழுக்கக் காய்ந்துவிடும். வறட்சியையும் காட்டுத்தீயையும் மண்ணுக்கடியில் கிழங்கு தாங்கிக்கொள்கிறது.

பூவை வைத்துப் பேரினம் பிரிப்பது எளிது. பூவைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மேலே குல்லாய் மாதிரி கவிந்திருக்கும் இதழின் பின்புறம் இரண்டு வால் தொங்கினால் சாட்டிரியம். அந்தக் குல்லாய்தான் அதன் உதட்டிதழ். மற்ற ஆர்க்கிட்களில் கீழே இருக்கவேண்டியது இங்கே மேலே இருக்கிறது. குல்லாய் இருந்து ஒற்றை வால் மட்டும் என்றால் பெரும்பாலும் டைசா, இதில் குல்லாய் புற இதழால் ஆனது. கீழுதட்டின் அடியிலிருந்து ஒரு நீண்ட வால் இறங்கி, பூ வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்து, இதழ்கள் கீற்றாகப் பிளந்திருந்தால் ஹபனேரியா.

பூ இல்லாத நாளில் இனத்தைச் சொல்வது கடினம். கிழங்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இனம் சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம். சாட்டிரியத்தில் சில இனங்களுக்குப் பூந்தண்டு தனியாகவும் இலைத்தண்டு தனியாகவும் பக்கத்துப் பக்கத்தில் முளைக்கும். இரண்டு செடி என்று எண்ணித் தோண்டுகிறவர்கள் உண்டு. அது ஒரே செடிதான்.

தோண்டினால் ஒரு செடிக்கு இரண்டு கிழங்கு கிடைக்கும். ஒன்று சுருங்கி, நிறம் மங்கி, அழுத்தினால் பொதபொதவென்று இருக்கும். மற்றது வெள்ளையாக, கெட்டியாக, தோல் இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். சமையலுக்கு எடுப்பது இந்தக் கெட்டிக் கிழங்கை மட்டும்தான். ஒடித்து இரு பாதியையும் மெல்ல விலக்கினால் நடுவில் வெண்டைக்காய்ச் சாறு போல இழை நீளும். அந்த வழவழப்புதான் சிக்கண்டாவுக்கு உயிர். குளுகோமன்னான் என்ற நார்ச்சத்து அது.

#3 உரல்

நன்றி மலைப்புல். இனிப் பக்குவம். அளவுக்கு 250 மில்லி கப்.

கிழங்குப் பொடி: மண் போகக் கழுவி, தோலைத் தேய்த்து உரித்து, வட்டமாக மெலிதாக நறுக்கி வெயிலில் காயவைக்க வேண்டும். மடக்கினால் வளையாமல் "டக்" என்று ஒடிகிற பதம். நடுவில் ஈரம் நின்றால் இடிக்கும்போது உரலில் ஒட்டும், டப்பாவில் போட்டால் பூசணம் பிடிக்கும். இடித்து மெல்லிய சல்லடையில் சலித்து, மேலே தங்கியதை மறுபடி இடிக்கவும். தோலை அலட்சியமாக உரித்தால் மணல் தங்கிவிடும். பிறகு எந்தச் சல்லடையும் அதைப் பிரிக்காது, பல்லில் நறநறக்கும்.

நிலக்கடலை: வறுக்கக் கூடாது. பச்சை நிலக்கடலையை வெயிலில் காயவைத்து மாவாக இடிக்க வேண்டும். மிக்ஸியில் போடுகிறவர்கள் விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும், பிறகு அது தண்ணீரில் சீராகக் கரையாது. சுருங்கிய பருப்பு, பூசணம் பட்ட பருப்பு, கசக்கும் பருப்பு எதையும் சேர்க்காதீர்கள். அதிலுள்ள அஃப்லடாக்சின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. இந்த ஒரு இடத்தில் சிக்கனம் கூடவே கூடாது.

அளவு: கிழங்குப் பொடி 1 கப், நிலக்கடலை மாவு 2 கப், தண்ணீர் 4 கப், சோடா உப்பு 1 தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் காரத்துக்கு ஏற்ப.

செய்முறை: கனமான அடியுள்ள பாத்திரத்தில் தண்ணீரும் உப்பும் கொதித்ததும் கடலை மாவைத் தூவிக் கலக்கவும். பால் போல நுரைத்துப் பொங்கும், அருகிலேயே நிற்க வேண்டும். தீயைக் குறைத்து 10 முதல் 15 நிமிடம் கொதித்தால் பச்சை வாடை போய் கஞ்சி பதம் வரும். மிளகாய்த்தூளை இப்போது சேர்க்கலாம். அடுத்து கிழங்குப் பொடியும் சோடாவும். ஒரு கையால் தூவ, மறு கையால் மரக்கரண்டி நிற்காமல் சுழல வேண்டும். ஓரிரு நிமிடத்தில் கலவை இறுகி, பாத்திரத்தின் ஓரத்தை விட்டு ஒரே உருண்டையாகக் கரண்டியோடு வரும். களி கிண்டிய கைக்கு இந்தப் பதம் உடனே பிடிபடும். களியை விட இதில் இழுவை அதிகம், ரப்பர் போல எதிர்த்து நிற்கும்.

மேல்பாகத்தை ஈரக் கரண்டியால் மட்டம் செய்து, மூடி போட்டு, மிகச் சிறு தீயில் 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வைக்கவும். அங்கே கரியடுப்பில் வைத்து மூடியின் மேலும் கங்கு போடுவார்கள். மேலும் கீழும் சூடு படுவதால்தான் அந்தக் கரும்பழுப்புத் தோல் வருகிறது. வீட்டு அவனில் 180 டிகிரி சரியாக இருக்கும்.

ஆறிய பிறகே வெட்ட வேண்டும். சூட்டில் வெட்டினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு துண்டு பிய்யும். முழுதாக ஆற மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். அப்படியே சாப்பிடலாம். அங்கே நிஷீமா என்கிற மக்காச்சோளக் களிக்குத் தொடுகறியாகவும் வைப்பார்கள். மறுநாள் துண்டுகளை எண்ணெய் தொட்டு வாட்டினால் ஓரம் மொறுமொறுக்கும்.

#4 கடலைக்காடு

உரல் அண்ணே, கடலைக்கும் பொடிக்கும் 2:1 என்ற அளவு சரி. ஆனால் பொடியின் வழவழப்பு இனத்துக்கு இனம் மாறும். எனவே தண்ணீரில் அரை கப்பை முதலில் நிறுத்திவைத்து, பதம் பார்த்து ஊற்றுவது நல்லது. மூன்றரை கப்பில் இறுகும் பொடியும் உண்டு, நாலரை கேட்கும் பொடியும் உண்டு.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் கட்டி விழுவது. கொதிக்கிற கஞ்சியில் பொடி மொத்தமாக விழுந்தால் ஒவ்வொரு குவியலின் வெளிப்பக்கமும் உடனே வீங்கி உறையாகிவிடும். உள்ளே தண்ணீர் போக வழியில்லை. வெட்டும்போது நடுவில் வெள்ளை மாவு முத்துகளாகத் தெரிவது அதுதான். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது கரையாது.

இதற்கு வழி: 2 கப் கடலை மாவில் அரை கப்பைத் தனியே எடுத்து, கிழங்குப் பொடியோடும் சோடாவோடும் உலர்வாகவே நன்றாகக் கலந்துகொள்ளுங்கள். பொடித் துகள்களுக்கு நடுவே கடலைத் துகள் நிற்பதால் ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு தூவினால் கட்டி அநேகமாக விழாது.

சோடா அளவையும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1 தேக்கரண்டி என்பது தட்டி மட்டம் செய்த அளவு, குவித்த அளவு அல்ல. கூடினால் சவுக்கார வாடை வரும், நிறம் கருக்கும், நாக்கில் வழுக்கும். குறைந்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் களியாகவே நிற்கும், துண்டு போட வராது.

#5 பிசின்

சோடா ஏன் தேவை என்பதைச் சொல்லிவிட்டால் அளவு தானாகப் பிடிபடும்.

குளுகோமன்னான் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதில் இடையிடையே அசிட்டைல் என்ற சிறு கிளைகள் ஒட்டியிருக்கும். அந்தக் கிளைகள் இருக்கிற வரை சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்க முடியாது, அதனால் கூழாகவே இருக்கும். காரமும் (அமிலத்துக்கு எதிரான தன்மை, மிளகாய்க் காரமல்ல) சூடும் சேர்ந்தால் கிளைகள் உதிரும். சங்கிலிகள் நெருங்கிப் பின்னிக்கொள்ளும், நடுவில் தண்ணீர் சிறைப்படும். அதுதான் இறுகுவது. ஜப்பானியர்களின் கொன்யாக்கு என்ற கிழங்குக் கட்டியில் சுண்ணாம்பு நீர் செய்கிற வேலையை இங்கே சோடா செய்கிறது. சோடா வருவதற்கு முன் சாம்பல் கரைத்துத் தெளியவைத்த நீரைத்தான் ஊற்றினார்கள். அதுவும் காரம்தான்.

இப்படி இறுகியது மறுபடி சூடேற்றினாலும் உருகாது. ஜெலட்டின், கடற்பாசி போன்றவை சூட்டில் இளகிவிடும், இது இளகாது. சிக்கண்டாவை எண்ணெயில் வாட்ட முடிவது இந்தக் குணத்தால்தான்.

ஒரே ஒரு இடத்தில் உரல் சொன்ன வரிசையிலிருந்து மாறுபடுகிறேன். பொடியையும் சோடாவையும் ஒன்றாகப் போடுவதை விட, பொடி முதலில் நன்றாகத் தண்ணீர் குடித்து வீங்கட்டும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து சோடாவை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். வீங்குவதற்கு முன்பே காரம் பட்டால் துகளின் வெளிப்பக்கம் இறுகி, உட்பக்கம் வீங்காமல் நின்றுவிடும். கடைசியில் துண்டு உறுதியாக இல்லாமல் உதிரும்.

எலுமிச்சை, புளி, தக்காளி எதையும் சமைக்கும்போது சேர்க்காதீர்கள். புளிப்பு சோடாவை முறித்துவிடும். வேண்டுமானால் தட்டில் வைத்த பிறகு பிழிந்துகொள்ளலாம்.

#6 உரல்

பிசின் சொல்வது நியாயமான காரணம். அங்கே பழக்கத்தில் இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள், கை வேகம் அதை ஈடுகட்டிவிடுகிறது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு பிசின் வழியே பாதுகாப்பு. ஆனால் கலவை வீங்கி இறுகிய பிறகு சோடா நீரை ஊற்றினால் அது ஒரு பக்கமாகவே தேங்கி, அங்கங்கே மட்டும் கருத்த திட்டு விழும். எனவே அடுப்பிலிருந்து இறக்கி, கரண்டியால் நாலு பக்கமும் குத்திக் குத்திப் பிசைய வேண்டும்.

#7 பசுங்குடில்

பக்குவம் தெளிவாயிற்று. செடி பக்கம் ஒரு கேள்வி. ஒரு செடியில் இரண்டு கிழங்கு என்றால், கெட்டியானதை மட்டும் எடுத்துக்கொண்டு பழையதைத் தண்டோடு திரும்ப மண்ணில் ஊன்றிவிட்டால் செடி பிழைத்துவிடும்தானே? அப்படிச் செய்தால் அழிவில்லாத அறுவடை என்று பல இடங்களில் எழுதுகிறார்களே?

#8 மலைப்புல்

பசுங்குடில், பிழைக்காது. இந்த நம்பிக்கைதான் அதிகச் சேதம் செய்கிறது, எனவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அந்த இரண்டும் அண்ணன் தம்பிக் கிழங்குகள் அல்ல. பழைய கிழங்கு போன ஆண்டு சேர்த்த இருப்பு. இந்த ஆண்டின் தளிர், இலை, பூ எல்லாம் அதைத் தின்றுதான் எழுந்தன. அதனால்தான் சுருங்கியிருக்கிறது. பருவம் முடியும்போது வெறும் தோலாகி மக்கிவிடும். புதிய கெட்டிக் கிழங்கு இந்த ஆண்டு இலைகள் சமைத்துச் சேர்த்த இருப்பு, அதன் நுனியில் அடுத்த ஆண்டின் முளை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மேலே தண்டு காய்ந்த பிறகு உயிரோடு மண்ணில் எஞ்சுவது அது ஒன்றுதான்.

ஆக, கெட்டிக் கிழங்கை எடுப்பது என்பது அடுத்த ஆண்டின் செடியை எடுப்பது. பழையதைத் திரும்ப ஊன்றினால் இந்த ஆண்டுத் தண்டு இன்னும் சில வாரம் பச்சையாக நிற்கும், அவ்வளவுதான். காய் முற்றி விதை சிதறும் வரை நின்றால் அந்த அளவுக்கு லாபம். ஆனால் பூவைப் பார்த்துத்தான் செடியையே கண்டுபிடிக்கிறார்கள், பூத்த நிலையிலேயே தோண்டுகிறார்கள். விதை முற்ற அவகாசமே கிடைப்பதில்லை.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஐரோப்பிய ஆர்க்கிஸ், ஆஃப்ரிஸ் வகைகளைத் தொட்டியில் வளர்ப்பவர்கள் பூக்கும் சமயத்திலேயே புதுக் கிழங்கைப் பிரித்துத் தனியே நட்டு, தாய்ச்செடியை இலையோடு திரும்ப நடுவார்கள். பருவம் இன்னும் பாக்கி இருந்தால், இலை பச்சையாக இருந்தால், தாய்ச்செடி இன்னொரு சிறு கிழங்கு கட்டும். அது தொட்டியில், நிழலில், நேரத்துக்குத் தண்ணீர் விட்டு, வேர் அறுபடாமல் செய்கிற வேலை. மண்வெட்டியால் கிளறி வேரறுத்த செடியை வெயிலில் திரும்ப ஊன்றுவதற்கு இதைச் சான்றாகக் காட்டக் கூடாது.

#9 துந்துமா வழி

மலைப்புல் சொன்னதன் விளைவை வரைபடத்தில் பார்க்கலாம். சாம்பியாவின் வடக்கில் கிழங்கு அருகியதும் தேவை எல்லை தாண்டியது. தான்சானியாவின் துந்துமா, சாம்பியாவின் நாகொண்டே, இவை எதிரெதிரே இருக்கும் எல்லை ஊர்கள். தென் மேட்டுநிலத்தில் தோண்டிய கிழங்கு மூட்டை மூட்டையாக இந்த வழியில்தான் இறங்குகிறது. அங்கோலா, காங்கோ, மலாவி பக்கமிருந்தும் வருகிறது.

2003இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, சாம்பியாவில் ஆண்டுக்கு 22 லட்சம் முதல் 41 லட்சம் ஆர்க்கிட் கிழங்குகள் வரை உண்ணப்படுவதாகவும், தென் மேட்டுநிலத்தில் 85 இனங்கள் வரை ஆபத்தில் இருக்கலாம் என்றும் சொன்னது. இருபது ஆண்டுக்கு முந்தைய கணக்கு அது. ஒரு கிழங்கு என்றால் ஒரு செடி என்பதை மலைப்புல்லின் பதிவோடு சேர்த்துப் படியுங்கள்.

2005இல் தான்சானியாவின் கிட்டுலோ பீடபூமியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுமார் 2,600 மீட்டர் உயரம், 413 சதுர கிலோமீட்டர் அளவு. சுவாஹிலியில் அதை "புஸ்தானி யா முங்கு" என்பார்கள், கடவுளின் தோட்டம் என்று பொருள். தரை ஆர்க்கிட் மட்டும் 45 இனம் அங்கே பதிவாகியிருக்கிறது. விலங்குகளை விடப் பூக்களுக்காகவே முதன்மையாக அமைந்த தேசியப் பூங்கா ஆப்பிரிக்காவில் வெகு அபூர்வம். நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பூக்காலம்.

சட்டம் என்று பார்த்தால், ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இணைப்புப் பட்டியல்களில் இருக்கிறது. மிகப் பெரும்பாலானவை இரண்டாம் பட்டியல். கிழங்கு, பொடி, வெந்த கேக் எதுவானாலும் அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டெல்லை தாண்டக் கூடாது. பையில் இரண்டு துண்டு நினைவுக்காக வாங்கி வருகிறேன் என்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். வெந்த கேக்கிலிருந்தே டி.என்.ஏ. எடுத்து என்ன இனம் என்று பிரிக்க முடியும் என்பதையும் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

ஆனால் தோண்டுகிற ஏழைப் பெண்ணையும் பிள்ளையையும் குற்றவாளியாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. பணம் தேவைப்படுகிற பருவத்தில் முதலீடு இல்லாமல் கையில் கிடைக்கிற ஒரே சரக்கு அது. மூட்டைக்குத் தோண்டுகிறவருக்குக் கிடைப்பதற்கும் நகரத்தில் துண்டு விற்கும் விலைக்கும் நடுவே எத்தனை கை என்று பார்த்தால் யார் லாபம் பார்க்கிறார்கள் என்பது புரியும்.

#10 கடலைக்காடு

கலப்படம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிழங்கு அருக அருக, பொடியில் மரவள்ளி மாவும் மக்காச்சோள மாவும் சேர்கின்றன. அயோடின் சொட்டு விட்டு நீலமானால் கலப்படம் என்று சிலர் சொல்வது தவறு. ஆர்க்கிட் கிழங்கிலேயே கொஞ்சம் மாவுச்சத்து உண்டு, சுத்தமான பொடியும் நீலம் காட்டும்.

இதைவிட நம்பகமானது இது. ஒரு தேக்கரண்டிப் பொடியை அரை கப் குளிர்ந்த நீரில் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். நல்ல பொடி சூடில்லாமலேயே கெட்டியாகி, கரண்டியைத் தூக்கினால் இழையாக வழியும். மரவள்ளி மாவு குளிர்ந்த நீரில் அடியில் வெள்ளையாகப் படியும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். பாதிப் பாதி கலந்திருந்தால் மேலே கூழும் அடியில் படிவும் தெரியும்.

வெந்த துண்டுக்குச் சோதனை: ஒரு துண்டைக் கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் போடுங்கள். நல்லது ஓரம் கூராக அப்படியே நிற்கும். மாவு கலந்தது ஓரம் மழுங்கி, நீர் கலங்கும்.

#11 பசுங்குடில்

அப்படியானால் பயிரிட்டுவிட வேண்டியதுதானே? உருளைக்கிழங்கு மாதிரி வெட்டி நட முடியாதா?

#12 மலைப்புல்

வெட்டி நட முடியாது. உருளையில் கண்கள் பல, இதில் முளை நுனியில் ஒன்றே ஒன்று. இரண்டாக வெட்டினால் முளையில்லாத பாதி அழுகும், முளையுள்ள பாதியும் பெரும்பாலும் அழுகும். பல இனங்களில் ஒரு கிழங்குக்குப் பதில் அடுத்த ஆண்டு ஒரு கிழங்குதான். பெருகுவதில்லை, மாற்றிக்கொள்கிறது. விதைக் கிழங்கு நட்டு, அதே எண்ணிக்கையை அடுத்த ஆண்டு அறுவடை செய்யும் பயிரை யார் போடுவார்கள்?

மிஞ்சுவது விதை. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் விதை இருக்கும், தூசி மாதிரி. உள்ளங்கையில் கொட்டி மூச்சு விட்டால் பறந்துவிடும். நெல்லிலும் கடலையிலும் முளைக்கு உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. இதில் அது கிட்டத்தட்ட இல்லை. மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சை விதைக்குள் நுழைந்து சர்க்கரை ஊட்டினால்தான் முளைக்கும். துலாஸ்னெல்லா, செரட்டோபேசிடியம் வகைப் பூஞ்சைகள் அவை. அந்தப் பூஞ்சை இல்லாத மண்ணில் ஒரு கிலோ விதை தூவினாலும் ஒன்றுகூட வராது. காட்டிலிருந்து பெயர்த்துத் தோட்டத்தில் நடும் செடி முதல் ஆண்டு பூத்து, இரண்டாம் ஆண்டு இளைத்து, அதன் பின் காணாமல் போவதற்கும் மண் மாறியது ஒரு காரணம்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு வழி. ஒன்று, கிருமி நீக்கிய விதையைச் சர்க்கரையும் உப்புகளும் கலந்த அகார் (கடற்பாசிக் கூழ்) ஊடகத்தில் முளைக்க வைப்பது. மற்றது, தாய்ச்செடியின் வேரிலிருந்து பூஞ்சையைப் பிரித்து, ஓட்ஸ் மாவு கலந்த அகாரில் அதையும் விதையையும் சேர்த்து வளர்ப்பது. இரண்டாவதில் முளை நன்றாக வருவதோடு, மண்ணுக்கு மாற்றும்போது பூஞ்சை கூடவே போகிறது. குடுவையிலிருந்து மண்ணுக்கு மாற்றும் அந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலும் சாகின்றன. ஈரம் கூடினால் கழுத்தழுகல், குறைந்தால் வாடல், முதல் ஓய்வுக்காலத்தில் கிழங்கு மொச்சை அளவுகூட இல்லையென்றால் அது மறுபடி எழாது. உண்ணத்தக்க அளவு கிழங்கு கட்ட ஆண்டுகள் பல ஆகும்.

நடக்காது என்று சொல்லவில்லை. ஊரார் தங்கள் டாம்போவைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் தோண்டினால் அடுத்த சில ஆண்டு அதைத் தொடாமல், விதை சிதறிய பின்பே தோண்டுவது என்ற ஒழுங்கு வந்தால் அது ஆய்வுக்கூடத்தை விட முன்னால் பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். மண்ணும் பூஞ்சையும் அங்கே தயாராக இருக்கின்றன.

#13 சோலைக்கரை

நம் பக்கத்துக்கும் இதில் தொடர்பு உண்டு என்பதால் சொல்கிறேன். சாட்டிரியம் நேபாலென்ஸ் நீலகிரி, பழனி மலைகளின் சோலைப் புல்வெளியில் இருக்கிறது. இளஞ்சிவப்புப் பூ, பின்னால் மலைப்புல் சொன்ன அதே இரட்டை வால். ஹபனேரியா இனங்களும் நமக்குப் பல உண்டு. இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் மண்வெட்டி எடுக்க வேண்டாம். சீகை (வாட்டில் மரம்), பைன், தேயிலை என்று புல்வெளியே சுருங்கிக் கிடக்கிறது.

நாட்டு மருந்துக் கடைகளில் சாலாமிசிரி என்று கிடைப்பதும் ஆர்க்கிட் கிழங்குதான். இமயத்திலிருந்து வரும் கைவிரல் வடிவக் கிழங்கு டாக்டிலோரைசா, அதுவும் காட்டில் தோண்டுவது, அதுவும் அழிவின் விளிம்பில். துருக்கியில் சலெப் என்று பாலில் காய்ச்சிக் குடிப்பது இந்தக் குடும்பச் சரக்கே. அங்கே ஒரு கிலோ மாவுக்கு 1,000 முதல் 4,000 கிழங்கு வரை போகிறது. சிக்கண்டா செய்து பார்க்கிறேன் என்று சாலாமிசிரி வாங்கினால் ஆப்பிரிக்கப் பிரச்சினையை இமயத்துக்கு மாற்றிய கதைதான்.

சேனைக்கிழங்குப் பொடியில் வருமா என்று தனிமடலில் கேட்டவருக்கு: வராது. நம் சேனையில் இருப்பது மாவுச்சத்து, சோடா போட்டால் இறுகாது, கருக்கத்தான் செய்யும். அதன் நெருங்கிய உறவான கொன்யாக்குச் சேனையில்தான் குளுகோமன்னான் இருக்கிறது. அந்தப் பொடி வாங்கக் கிடைக்கும், பயிரிட்ட கிழங்கில் வருவது.

#14 பிசின்

சோலைக்கரை அக்கா சொன்ன கொன்யாக்குப் பொடியில் செய்ய அளவு தருகிறேன். சுத்திகரித்த பொடி என்பதால் ஆர்க்கிட் பொடியைப் போல ஒரு கப் போட்டால் கல்லாகிவிடும்.

தண்ணீர் 1 லிட்டர், கொன்யாக்குப் பொடி 25 கிராம், பச்சை நிலக்கடலை மாவு 250 கிராம், உப்பு 10 கிராம், மிளகாய்த்தூள், உணவுத் தரச் சுண்ணாம்பு 2 கிராம். சோடா உப்பு இதற்குப் போதுமான காரம் தராமல் போவதுண்டு, அதனால் சுண்ணாம்பு. வாசனை கலந்த வெற்றிலைச் சுண்ணாம்பு கூடாது.

600 மில்லித் தண்ணீரில் கடலை மாவைக் கொதிக்கவைத்துக் கஞ்சியாக்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். 350 மில்லிக் குளிர்ந்த நீரில் கொன்யாக்குப் பொடியைத் தூவிக் கலக்கி அரை மணி நேரம் வைத்தால் கெட்டிக் கூழாகும். இரண்டையும் பிசைந்து, மிஞ்சிய 50 மில்லியில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி வேகமாகக் கலக்கவும். ஒரு நிமிடம்தான் அவகாசம். சட்டென்று உதிரி உதிரியாகத் தோன்றும், பயப்பட வேண்டாம், மேலும் பிசைந்தால் சேரும். எண்ணெய் தடவிய தட்டில் அழுத்தி, இட்லிப் பானையில் 40 நிமிடம் ஆவியில் வேகவைக்கவும். ஆறியதும் வெட்டி, துண்டுகளை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டெடுத்தால் சுண்ணாம்பு வாடை போய்விடும். பிறகு எண்ணெய் தடவி வாட்டினால் தோல் சிவக்கும்.

உலர்ந்த கொன்யாக்குப் பொடியை வாயில் போட்டுப் பார்க்காதீர்கள், தொண்டையில் வீங்கி அடைத்துக்கொள்ளும். சிறு பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கொடுக்கும்போது மெல்லியதாக நறுக்கிக் கொடுங்கள்.

சுவை ஒன்றேயல்ல. ஆர்க்கிட் கிழங்கின் மண்வாசம் இதில் இருக்காது. வாயில் எதிர்த்து நிற்கும் இழுவையும் கடலையின் கொழுமையும் கிட்டத்தட்ட வந்துவிடும்.

#15 உரல்

பிசின், ஒரு திருத்தம் மட்டும். 250 கிராம் கடலை என்பது 1 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அங்கே சாப்பிடுகிறவர்களுக்கு வெறும் கூழ்க்கட்டி மாதிரி இருக்கும். 300 வரை போகலாம். கடலை கூடினால் சுண்ணாம்பையும் கால் கிராம் கூட்டுங்கள், கடலைப் புரதம் காரத்தில் ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும்.